குயில்ட் தைத்து முடித்தாச்சு, முதல் துவைப்பு எப்படி?

ஓரப் பட்டியின் கடைசித் தையலைப் போட்டு நூலை அறுத்தாச்சு. உதறிக் கட்டிலில் விரித்துப் பார்த்தாச்சு. அடுத்து வருகிற கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான்: இதைத் துவைத்துவிட்டுக் கொடுக்கலாமா, இப்படியே மடித்துக் கொடுத்துவிடலாமா?

நான் இருப்பது பழைய வண்ணாரப்பேட்டை. எம்.சி. ரோட்டில் வாங்குகிற வெட்டுத் துணி, வீட்டில் நைந்துபோன காட்டன் சேலை, பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன சட்டை என்று சேர்த்து வைத்துப் பல வருஷமாகக் குயில்ட் தைக்கிறேன். சிலர் இதை ஒட்டுப்போர்வை என்கிறார்கள். மேலே துண்டு துண்டாக ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி, மூன்றையும் சேர்த்து ஊடாக ஓடுகிற தையல்.

என் பதில், துவைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அதுவும் தைத்தவர் கையாலேயே. எந்தத் துண்டு எந்தச் சேலையிலிருந்து வந்தது, தைக்க அடையாளக் கோடு போட்டது எந்தப் பேனாவால், உள்ளே இருப்பது என்ன பஞ்சு என்பதெல்லாம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வாங்கிப் போகிறவர் அதை ஜீன்ஸ் பேன்ட்டோடு சேர்த்து மெஷினில் போடுவார். சாயம் இறங்கினால் உங்களிடம் சொல்லவும் கூச்சப்படுவார். உங்கள் ஆறு மாத உழைப்பு பரணுக்குப் போய்விடும். முதல் துவைப்பில் வரக்கூடிய கோளாறு எதுவானாலும் உங்கள் கண்முன்னால் வரட்டும். அப்போதுதான் கை வைத்துச் சரிசெய்ய முடியும்.

கீழே ஒவ்வொரு கோளாறாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது வந்திருக்கிறதோ அங்கே போய்ப் படியுங்கள். இன்னும் தண்ணீரில் போடவில்லை என்றால், அடுத்த பகுதியையும் சாயம் பற்றிய பகுதியையும் மட்டுமாவது முதலில் படித்துவிடுங்கள்.

தண்ணீரே காட்டக் கூடாதவை

பட்டுத் துண்டு, ஜரிகை ஓரம், கண்ணாடி, மணி வைத்துத் தைத்தது என்றால் வேண்டாம். பட்டு ஒரு மாதிரி சுருங்கும், பக்கத்திலிருக்கும் காட்டன் வேறு மாதிரி சுருங்கும். ஜரிகை கறுத்துப்போகலாம். சுவரில் மாட்டத் தைத்ததையும் துவைக்க வேண்டியதில்லை, தூசி தட்டினால் போதும். உள்ளே இலவம்பஞ்சு அடைத்திருந்தால் கண்டிப்பாகத் துவைக்கக் கூடாது. நனைந்ததும் அது கட்டிக்கொள்ளும், அப்புறம் பிரிக்கவே முடியாது. தலையணை, மெத்தையை நம் வீட்டில் பெரியவர்கள் வெயிலில் போட்டுத் தட்டினார்களே தவிர, தண்ணீரில் முக்கவில்லை. அதேபோல்தான் இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குயில்ட் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறது, புதுத்துணி வாடை அடிக்கிறது

இது கோளாறே இல்லை, துவைக்கச் சொல்லிக் கேட்கிறது. தறியில் பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சி போட்டுத்தான் நெய்வார்கள். கடைக்கு வரும் துணியில் அதற்கு மேல் பளபளப்புக்கும் சுருக்கம் விழாமல் இருப்பதற்கும் வேறு பூச்சும் இருக்கும். எங்கள் பேட்டைக்கே அந்தப் பெயர் வந்தது அதனால்தான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் துணி வெளுத்தவர்கள் குடியிருந்த இடம் இது. நெய்த துணியை வெளுத்து எடுத்தால்தான் அது விற்கிற துணி என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்.

கஞ்சி போகாத குயில்ட்டை நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அலமாரியில் வைத்தால் இராமபாணப் பூச்சியும் கரப்பானும் தேடி வரும். அவற்றுக்குக் கஞ்சிதான் சாப்பாடு. ஒருமுறை அலமாரியின் அடித்தட்டில் மறந்துபோய் வைத்த துணியை எடுத்துப் பார்த்தேன். மடிப்பு ஓரமாக மட்டும் மேல்நூலை அரித்து, சல்லடை மாதிரி மெலிசாக்கி வைத்திருந்தது. குழந்தைக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், அந்தப் பூச்செல்லாம் போன பிறகுதான் மேலே போர்த்த வேண்டும்.

30 முதல் 40 டிகிரி சூட்டில் தண்ணீர், கொஞ்சமாகத் திரவ சோப்பு, இரண்டு மூன்று தடவை அலசல் போதும். துவைத்து எடுத்ததும் ஊசி போன துளைகள் மூடிக்கொள்ளும். பஞ்சு கொஞ்சம் சுருங்கித் துணி மெல்ல மெல்லப் பொங்கி நிற்கும். குயில்ட்டுக்குக் குயில்ட் என்கிற அழகே அப்புறம்தான் வரும்.

போட்ட கோடு போகவில்லை, அல்லது போய்விட்டுத் திரும்பி வந்தது

எந்தப் பேனா என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும்.

தண்ணீரில் அழியும் நீலப் பேனா என்றால் முதலில் பச்சைத் தண்ணீரில் மட்டும் ஊற வையுங்கள். சோப்பும் வேண்டாம், சுடுதண்ணீரும் வேண்டாம், அதற்கு முன்னால் அயர்னும் வேண்டாம். சூடு பட்டால் அந்த நீலம் பழுப்பாகித் துணியிலேயே நின்றுவிடும். ஈரத்துணியால் மேலாகத் துடைத்துவிட்டுப் போய்விட்டது என்று நம்பாதீர்கள். அது உள்ளே பஞ்சுக்கு இறங்கியிருக்கும், காய்கிறபோது மறுபடி மேலே ஏறி வரும். முழுக் குயில்ட்டையும் தண்ணீரில் முக்கி எடுத்தால்தான் ஒழியும்.

சூட்டில் மறைகிற பேனாவுக்குக் கதை வேறு. அயர்ன் பட்டதும் அந்த மை நிறமிழக்குமே தவிர, துணியை விட்டுப் போவதில்லை. நன்றாகக் குளிர்ந்தால் கோடு திரும்பத் தெரியும். சென்னையில் இருக்கிறவரை தெரியாது. பனி பெய்கிற நாட்டில் இருக்கும் மகனுக்குப் பார்சல் அனுப்பினால் தெரிந்துவிடலாம். அதனால் இந்தப் பேனாவை நான் தையலுக்குள் மறையும் இடத்தில் மட்டும்தான் தொடுகிறேன்.

சாக்பீஸும் தேய்ந்துபோன சோப்புத் துண்டும் எந்தத் தொல்லையும் தராது. டெய்லர் கடையில் இன்றைக்கும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

சாயம் இறங்கிப் பக்கத்துத் துணியில் ஏறிவிட்டது

பலரை அழ வைத்தது இதுதான், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். குயில்ட் இன்னும் ஈரமாக இருக்கிறதா? இருந்தால் காய விடாதீர்கள். வெயிலில் போடாதீர்கள், அயர்ன் வைக்காதீர்கள். ஈரமாக இருக்கிறவரை பக்கத்துத் துணியில் ஏறிய சாயம் மேலாகத்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்துவிட்டாலும் எடுக்க முடியும், ஆனால் வேலை இரட்டிப்பாகும்.

என் நாத்தனார் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது ஒரு குயில்ட் தைத்தேன். வெள்ளைப் பின்னணி, அதில் அரக்குச் சிவப்புச் சுங்குடிச் சேலையில் வெட்டிய நட்சத்திரங்கள். நாலைந்து தடவை கட்டித் துவைத்த சேலைதானே, போக வேண்டிய சாயமெல்லாம் போயிருக்கும் என்று நினைத்துவிட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்கு அலசித் தூக்கிப் பார்க்கிறேன், ஒவ்வொரு நட்சத்திர முனையிலும் ரோஸ் நிறம் ஒரு விரல் அகலத்துக்குப் படர்ந்திருக்கிறது. வயிறு கலங்கிப்போனது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்தார். "கல்லுப்பைப் போட்டு ஊற வைம்மா, சாயம் நின்னுடும்" என்றார். அவர் அம்மாவும் அப்படித்தான் செய்தாராம்.

"உப்பு போட்டா இப்ப நிக்கிற மாதிரி இருக்கும்க்கா, அடுத்த தடவை துவைக்கும்போது மறுபடி வந்துடும்" என்றேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாயத்தொட்டியில் உப்புப் போடுவது உண்மைதான். தண்ணீரில் இருக்கும் சாயத்தைப் பருத்தி நூல் பக்கம் தள்ளுவதற்கு அங்கே அது வேண்டும். ஆனால் தைத்து முடித்த துணியில் பிடிப்பில்லாமல் கிடக்கும் சாயத்தை உப்பு கட்டிப்போடாது. வினிகரும் அப்படியே. பட்டுக்கும் கம்பளிக்கும் போடுகிற அமிலச் சாயத்துக்குத்தான் அது உதவும், பருத்திச் சாயத்துக்கு இல்லை. பருத்திக்கு இப்போது அதிகம் போடும் சாயம் நூலோடு வேதியியலாகவே பிணைந்துவிடுகிற வகை. பிணைந்தது போகாது. பிணையாமல் மிஞ்சியதைச் சாயப்பட்டறையிலேயே சுடுதண்ணீரில் நன்றாகக் கழுவி எடுக்க வேண்டும். அந்தக் கழுவல் குறைந்தால் மிச்சம் நம் வீட்டு பக்கெட்டில் இறங்கும். நூலோடு பிணையாமல் சும்மா ஏறி உட்காருகிற சாய வகையும் உண்டு. அது ஒவ்வொரு துவைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும். நான் அந்தச் சேலையை எப்போதும் பச்சைத் தண்ணீரில்தான் அலசியிருக்கிறேன், அதனால் மிச்சச் சாயம் உள்ளேயே இருந்திருக்கிறது.

அன்றைக்குச் செய்ததைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். பெரிய பிளாஸ்டிக் டப் ஒன்று வேண்டும். கொதிக்கும் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் நம்ம ஊரில் 60 டிகிரியைத் தாண்டிய சூடு கிடைத்துவிடும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், கையை விடாமல் கரண்டிக் காம்பால் அமுக்குங்கள். பாத்திரம் கழுவும் திரவ சோப்பு இரண்டு மேசைக்கரண்டி ஊற்றுங்கள், பிளீச் கலந்தது வேண்டாம். குயில்ட் தாராளமாக மிதக்கிற அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். அதுதான் முக்கியம். தண்ணீர் குறைவாக இருந்தால் இறங்கிய சாயம் போக இடமில்லாமல் திரும்பவும் துணியிலேயே ஏறிக்கொள்ளும். மேலே எழும்பி நிற்கும் மூலையைச் சுத்தமான எவர்சில்வர் தட்டு வைத்து அமுக்கிவிடுங்கள், ஒரு இடமும் தண்ணீருக்கு வெளியே இருக்கக் கூடாது. அப்படியே ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள், 8 மணி நேரமாவது.

காலையில் அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து வெள்ளைச் சுவர்ப்பக்கம் பிடித்துப் பாருங்கள். எனக்கு முதல் நாள் ரோஸ் மில்க் மாதிரி இருந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி அதே சூடு, அதே சோப்பு. இரண்டாவது தடவை வெளிறிய ரோஸ். மூன்றாவது தடவை டம்ளரில் சோப்பு மங்கல் மட்டும்தான் இருந்தது. நட்சத்திர முனையில் ஒரு நிழலும் இல்லை. சிவப்பு கொஞ்சம் வெளுத்தது உண்மை, ஆனால் வெள்ளை வெள்ளையாகவே திரும்பி வந்தது. அந்தக் குழந்தை இப்போதும் அதைத்தான் போர்த்திக்கொண்டு தூங்குகிறது.

உள்ளே கம்பளிப் பஞ்சு இருந்தாலோ பட்டு கலந்திருந்தாலோ இந்தச் சூட்டு வைத்தியத்தைச் செய்யாதீர்கள், சுருங்கிச் சீரழிந்துவிடும்.

இனி வராமல் இருக்க ஒரு வழி. தைக்க ஆரம்பிக்கும் முன்னால் சிவப்பு, அரக்கு, கருநீலம், கறுப்பு, கரும்பச்சை என்று அடர்ந்த நிறத்தில் எது இருந்தாலும் விரலளவு துண்டு வெட்டி, சோப்பு கலந்த சுடுதண்ணீர் டம்ளரில் ஒரு வெள்ளைத் துண்டோடு அரை மணி நேரம் போட்டு வையுங்கள். வெள்ளை நிறம் மாறினால் அந்தத் துணியைத் தனியாகச் சுடுதண்ணீரில் துவைத்துத் துவைத்து, சாயம் நின்ற பிறகுதான் கத்தரி வைக்க வேண்டும். எத்தனை தடவை போட்டாலும் நிற்கவில்லை என்றால் அதைப் பை தைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்ராஸ் துணிக்குச் சாயம் போவதற்கென்றே ஒரு காலத்தில் பேர் இருந்தது. 1960-களில் அமெரிக்காவில் மெட்ராஸ் கட்டம்போட்ட சட்டைகளை, துவைக்கத் துவைக்கச் சாயம் கரைந்து ஒன்றோடொன்று கலக்கும் என்பதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள். ஒரே துணியில் நாலு நிறம் கலந்து மங்கினால் அது அழகு. வெள்ளைப் பின்னணியில் குழந்தைக்குத் தைத்ததில் நடந்தால் அது அழகு இல்லை.

துவைத்ததும் சுருங்கிப்போனது, மூலை வளைந்துவிட்டது

காட்டன் பஞ்சு முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 150 செ.மீ. நீளமுள்ள குயில்ட்டில் அது 4.5 முதல் 7.5 செ.மீ. வரை. பாலியெஸ்டர் பஞ்சு ஏறத்தாழ சுருங்காது. இது தெரிந்தால் கணக்கு எளிது, கட்டிலுக்கு அளவெடுக்கும்போதே அந்த நாலு விரலைச் சேர்த்துத் தைத்துவிடுங்கள்.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சுருக்கம் விழுந்தால் அது பிழையில்லை. பலர் அந்தத் தோற்றத்துக்காகவே துணியை முன்கூட்டித் துவைக்காமல் தைக்கிறார்கள். ஓர் இடத்தில் மட்டும் இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தால், அங்கே ஏற்கெனவே துவைத்துப் பழகிய சேலைத் துண்டும் கடையிலிருந்து நேராக வந்த புதுத்துணியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். புதுசு சுருங்கியது, பழசு அப்படியே நின்றது. துவைத்த பிறகு இதை முழுக்கச் சரிசெய்ய முடியாது. இனிமேல் இரண்டும் கலந்து தைப்பதாக இருந்தால் புதுத்துணியை முதலில் நனைத்து எடுங்கள்.

மூலை வளைந்ததைச் சரிசெய்யலாம். மறுபடி நனைத்துப் பிழியாமல், சுத்தமான தரையில் பழைய பெட்ஷீட் விரித்து அதன்மேல் குயில்ட்டைப் போடுங்கள். நடுவிலிருந்து ஓரம் நோக்கி உள்ளங்கையால் நீவிவிடுங்கள், இழுக்காதீர்கள். இஞ்ச் டேப்பால் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்து பாருங்கள், அப்புறம் மற்ற இரண்டு மூலைக்கும். இரண்டும் ஒரே அளவாக வந்தால் சதுரம் நேராகிவிட்டது. மின்விசிறியை மேலே ஓட விட்டு, அது காயும்வரை தொடாமல் விடுங்கள்.

உள்ளே பஞ்சு உருண்டு உருண்டையாகத் தட்டுப்படுகிறது

தையலுக்கும் தையலுக்கும் நடுவில் இடைவெளி அதிகமாக விட்டதுதான் காரணம். தாளாக வருகிற பஞ்சில் சிலவற்றுக்கு உள்ளே மெல்லிய வலை வைத்து ஊசியால் குத்தி இறுக்கியிருப்பார்கள். அதற்கு 20 செ.மீ. இடைவெளியும் தாங்கும். வலை இல்லாத வெறும் காட்டன் பஞ்சுக்கு ஒரு கை அகலத்துக்கு மேல் விடக் கூடாது, 8 முதல் 10 செ.மீ. தான். வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சுக் கடையில் அடித்துக் கொடுத்த உதிரிப் பஞ்சு என்றால் இன்னும் நெருக்கமாக ஓட்ட வேண்டும்.

உருண்டுவிட்டதா? ஈரமாக இருக்கும்போதே இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெல்லத் தட்டித் தட்டிப் பரத்துங்கள். காய்ந்த பிறகு அந்தக் கட்டத்துக்குக் குறுக்கே கூடுதலாகக் கைத்தையல் ஓட்டிவிட்டால் அடுத்த துவைப்பில் நகராது.

தையல் பிரிந்துவிட்டது

துவைத்ததால் பிரிந்தது என்று வருத்தப்பட வேண்டாம். பிடிமானம் ஏற்கெனவே குறைவாக இருந்தது, தண்ணீர் அதைக் காட்டிக்கொடுத்தது. தையலுக்குக் கால் இஞ்ச் விட்டோம் என்று நினைத்த இடத்தில் நூலளவுதான் விட்டிருப்போம். காய்ந்ததும் இரண்டு விளிம்பையும் உள்ளே மடித்து, ஏணிப்படி மாதிரி இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக ஊசியை விட்டு இழுத்தால் நூலே வெளியே தெரியாது. கைத்தையல் போட்ட குயில்ட்டை டாப் லோடு மெஷினில் போடாதீர்கள், அது முறுக்குகிற முறுக்கு தாங்காது. முன்பக்கம் கதவுள்ள மெஷினில் மென்மையான சுற்றில், டிரம்மில் மூன்றில் ஒரு பங்கு இடம் விட்டுப் போடலாம். எனக்கு டப்தான் பிடிக்கும். உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி எடுத்தால் போதும், கல்லில் கும்மவோ பிரஷ் போடவோ வேண்டாம்.

சோப்பெல்லாம் போட்டும் விறைப்பாகவே இருக்கிறது, மஞ்சளாக அல்லது செம்பழுப்பாகத் திட்டு தெரிகிறது

இது தண்ணீரால் வருவது. வடசென்னையில் குயில்ட் தைக்கிற எல்லாரும் இதைச் சந்தித்தே ஆக வேண்டும். கடலோரமாக இருப்பதால் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் பல போர்வெல்களில் உப்புத் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் சோப்புப் போடுவோம். அது தண்ணீரிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து பிசுக்காகிப் பஞ்சுக்குள்ளே தங்கிவிடும். காய்ந்ததும் கஞ்சி போட்ட மாதிரி விறைக்கிறது என்றால் அந்தப் பிசுக்குதான்.

சோப்பைக் குறைத்து, அலசலைக் கூட்ட வேண்டும். துவைப்பதைப் போர் தண்ணீரில் செய்தாலும் கடைசி இரண்டு அலசலுக்கு மெட்ரோ தண்ணீர் எடுத்து வையுங்கள். லாரித் தண்ணீரை வரிசையில் நின்று பிடிக்கிற வீட்டில் இது பெரிய செலவு என்று எனக்குத் தெரியும். அதனால்தான் குயில்ட் துவைக்கும் நாளை முந்தின நாளே முடிவு செய்து, இரண்டு குடம் தனியாக மூடி வைத்துவிடுகிறேன். அந்த அலசல் தண்ணீர் அப்புறம் வாசல் கழுவப் போகும்.

செம்பழுப்புத் திட்டு என்றால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. ஒரு வெள்ளை பக்கெட்டில் போர் தண்ணீரைப் பிடித்து ராத்திரி முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் அடியில் செங்காவியாகப் படிந்திருந்தால் அந்தத் தண்ணீரைக் குயில்ட் பக்கமே கொண்டுவராதீர்கள். திட்டு விழுந்த இடத்தில் எலுமிச்சைச் சாற்றைத் தடவிச் சிறிது நேரம் வெயிலில் வைத்து அலசினால் பெரும்பாலும் போகும். நிறத் துணி என்றால் முதலில் ஒரு மறைவான மூலையில் சோதித்துப் பாருங்கள். வெளுக்கிற பிளீச் மட்டும் வேண்டாம், இரும்புக் கறையை அது இன்னும் கெட்டியாக்கிவிடும்.

வெளுக்காத இயற்கைப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தால் சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகள் வேறு காரணத்தாலும் வரும். பஞ்சில் பருத்திக்கொட்டைத் துகள் இருக்கும், நனைந்ததும் அதன் கறை வெள்ளைத் துணிக்கு ஏறும். இன்னொரு முறை அலசினால் பெரும்பாலும் மங்கிவிடும். வெள்ளை மேல்துணிக்கு வெளுத்த பஞ்சே வாங்குவது நல்லது.

காய்ந்த பிறகும் ஈர வாடை, எள்ளு தூவினதுபோல் கரும்புள்ளி

மேல்துணி தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே பஞ்சு காய்ந்திருக்காது. அங்கேதான் பூஞ்சை பிடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதத்தில் குயில்ட் துவைக்கவே வேண்டாம் என்பேன். பரிசு கொடுக்கும் நாள் நெருங்கினாலும், மழை விட்டு இரண்டு நாள் நல்ல வெயில் அடிக்கும் வரை பொறுங்கள். வாடை மட்டும்தான், புள்ளி இல்லை என்றால் மறுபடி அலசி ஒரே நாளில் காய வைத்தால் போய்விடும். கரும்புள்ளி விழுந்துவிட்டால் முழுக்கப் போகாது, பரவாமல் நிறுத்தலாம் அவ்வளவுதான்.

காயப்போடுவதும் தையல் வேலைதான். ஈரக் குயில்ட் காய்ந்ததைப்போல் இரண்டு மூன்று மடங்கு கனக்கும். ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாலோ ஒரே கொடியில் தொங்கவிட்டாலோ அந்தக் கனம் முழுக்கத் தையலில் இறங்கும். டப்பிலிருந்து எடுக்கும்போதே அடியில் ஒரு பெட்ஷீட்டைக் கொடுத்து, தூளி மாதிரி இரண்டு பேராகத் தூக்குங்கள். முறுக்கிப் பிழியாமல் பெரிய டவல்களில் வைத்துப் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி அமுக்கினால் பாதித் தண்ணீர் இறங்கிவிடும். நாடாக் கட்டில் இருக்கிற வீடு கொடுத்து வைத்த வீடு, அதன்மேல் விரித்தால் அடியிலும் காற்று போகும். இல்லையென்றால் மூன்று கொடிகளின்மேல் பரப்பிப் போடுங்கள். அடிப்பக்கம் மேலே இருக்கட்டும், வெயில் நேராக ஒட்டுத்துணியின் நிறத்தில் படக் கூடாது.

எங்கள் பக்கம் மொட்டை மாடிக் கொடியைத் துடைக்காமல் யாரும் துணி போடுவதில்லை. துடைத்த துணியைப் பார்த்தால் விரல் அகலத்துக்குக் கறுப்பாகக் கோடு விழுந்திருக்கும். லாரிப் புகையும் கரித்தூளும் காற்றில் வந்து ஒரே ராத்திரியில் படிந்துவிடும். வெள்ளைக் குயில்ட்டில் அந்தக் கோடு ஏறினால் மறுபடி முதலிலிருந்து துவைக்க வேண்டும். கொடியைத் துடையுங்கள், குயில்ட்டின் மேலே ஒரு மெல்லிய பழைய வேட்டியைப் போர்த்துங்கள். காலை ஒன்பது மணிக்குப் போட்டால் மத்தியானம் ஒருமுறை திருப்பிப் போட்டு, நாலு மணிக்குள் கீழே கொண்டுவந்துவிடுங்கள். சாயங்காலம் காசிமேட்டுப் பக்கமிருந்து கடல்காற்று ஏற ஏற, காய்ந்த துணியும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

மடிக்கும் முன்னால் ஓரப் பட்டியின் நாலு மூலையையும் பாருங்கள். துணி அங்கேதான் பல மடிப்பாக இருக்கும், கடைசியாகக் காய்வதும் அதுதான். விரலால் தொட்டால் தெரியாது. ஒவ்வொரு மூலையாகக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. மின்விசிறிக்குக் கீழே ஒரு ராத்திரி விரித்துவிட்டு, காலையில் மடிக்கலாம்.